கினபாலு மலையில் ஒரு புதிர்ச் செடி



ரப்பர் மரத்தின் அடியிலும் வாய்க்கால் ஓரத்துக் கற்களிலும் படர்ந்திருக்கும் பாசிச்செடிகளை நாம் நாள்தோறும் காண்கிறோம். மாஸ் எனப்படும் இவற்றுக்குப் பூவும் இல்லை, காயும் இல்லை. அப்படியானால் இவற்றை எதைக் கொண்டு இனம் பிரிப்பது? டக்காக்கியா என்னும் சிறுசெடி இதற்கு நல்ல விடை தரும்.

இப்பேரினத்தில் இரண்டே இனங்கள் உள்ளன. அவற்றுள் ஒன்று நமது சபா மாநிலத்துக் கினபாலு மலையிலும் வளர்கிறது. மற்றோர் இனத்தை 19ஆம் நூற்றாண்டிலேயே இமயமலையிலிருந்து எடுத்து வந்தனர். அதன் இலைகள் நடுநரம்பின்றி, விரல்கள் போலப் பிரிந்திருந்தன. ஆகவே பாசிச்செடிகளின் உறவினமாகிய லிவர்வொர்ட்டுகளோடு சேர்த்துவிட்டனர். பின்னர் ஜப்பானில் நோரிவோ டக்காக்கி என்பவர் அதன் உடன்பிறப்பைக் கண்டெடுத்தார். 1958இல் அவர் பெயரால் தனிப் பேரினமே உண்டாயிற்று. ஆனாலும் லிவர்வொர்ட் என்ற எண்ணம் மாறவில்லை. ஏனெனில், வித்துகள் அடங்கிய பையை எவரும் பார்த்ததில்லை.

வித்துப்பைதான் இங்கே முக்கியமான சாட்சி. லிவர்வொர்ட்டில் வித்து முதிர்ந்த பிறகே காம்பு நீளும். மென்மையான அக்காம்பு விரைவில் வாடிவிடும். மாஸ் வகையிலோ காம்பு முதலில் நீண்டு, உறுதியாக நிற்கும். அலாஸ்காவின் அலூஷியன் தீவுகளில் டக்காக்கியாவின் வித்துப்பைகள் கிடைத்த செய்தி 1993இல் வெளியாயிற்று. அவற்றின் காம்பு உறுதியாகவே இருந்தது! ஆகவே இது மாஸ்தான் எனத் தெளிந்தனர். ஆயினும் பல மாஸ்களில் உள்ள மூடி இதன் பையில் இல்லை; திருகுபோல் சுற்றிவரும் ஒரே பிளவின் வழியே அது திறக்கிறது. அதனால் இதற்குத் தனி வகுப்பே அமைத்தனர். பிற்கால மரபணு ஆய்வுகளும் இது மாஸ் என்பதையே உறுதிப்படுத்தின.

இலையை மட்டும் பார்த்து இனம் சொல்வது, சட்டையைப் பார்த்து ஆளை மதிப்பிடுவது போன்றது. முழு வாழ்க்கைச் சுற்றையும் பார்த்த பின்னரே முடிவு கூறவேண்டும். இதைத்தான் நாம் மாணவர்களுக்கும் சொல்லித் தருகிறோம்.

ஆனால் பார்ப்பதற்குச் செடி இருக்கவேண்டுமே! திபெத்தில் வெப்பம் கூடிவர, டக்காக்கியா குறைந்து வருவதாக 2023இல் வெளியான ஆய்வு கூறுகிறது. ஏறத்தாழ 39 கோடி ஆண்டுகள் பழைமையான மரபு இது. மழைக்குப் பின் உங்கள் வீட்டருகே உள்ள பாசியை ஒரு பூதக்கண்ணாடியால் பாருங்கள். மெல்லிய காம்பும் அதன் நுனியில் குட்டிப் பையும் தெரிந்தால், அச்செடியின் முகவரியையே கண்டுவிட்டீர்கள்.