பச்சைக்கும் சிவப்புக்கும் ஒரே வேர்

வண்டலூர்–வாலாஜாபாத் சாலையில் ஒரகடத்தைக் கடக்கும்போது, வாகனத் தொழிற்சாலைகளின் நீண்ட மதில்களையும் வரிசைகட்டி நிற்கும் கன்டெய்னர் லாரிகளையும் நாம் வியந்து பார்க்கிறோம். மதில்களுக்கு நடுவே ஏரித் தண்ணீரில் இன்னும் உயிர்த்திருக்கும் நெற்பயிரின் பச்சை நம் கண்ணில் தங்குவதேயில்லை. அந்தப் பச்சையும், ஷிஃப்ட் பஸ்ஸில் கண்ணயர்ந்து போகும் தொழிலாளியின் குருதிச் சிவப்பும் ஒரே வேரிலிருந்து வந்தவை.

அமினோலெவுலினிக் அமிலம் என்று அந்த வேருக்குப் பெயர். அதன் எட்டு மூலக்கூறுகள் கைகோத்து ஒரு வளையமாகின்றன. வளையத்தின் நடுவே மெக்னீசியம் வந்தமர்ந்தால் இலை பச்சையாகிறது. இரும்பு வந்தமர்ந்தால் குருதி சிவக்கிறது. உலகத்துக் காடுகள், கழனிகள், நாம் இழுத்துவிடும் ஒவ்வொரு மூச்சு, எல்லாம் கண்ணுக்கெட்டாத அந்தச் சிறு இருக்கையில் எந்த உலோகம் அமர்கிறது என்பதில் அடங்கியிருக்கின்றன. எத்தனை சிக்கனம், எத்தனை பேரருள்!

இதே வேர் மூளை அறுவையிலும் வழிகாட்டுகிறது. மூளையில் வேர்விடும் கிளையோமா என்னும் கொடிய கட்டிக்குத் தெளிவான கரை கிடையாது. நல்ல திசுவும் நோயுற்ற திசுவும் ஓரங்களில் ஒரே நிறமாய்க் கலந்து கிடக்கும். குறைத்து எடுத்தால் எஞ்சியது மீண்டும் வளரும். மிகுத்து எடுத்தால் பேச்சு போகலாம், கை முடங்கலாம். அங்கேதான் அந்த அமிலம் துணைக்கு வருகிறது. மயக்க மருந்து தருவதற்குச் சுமார் மூன்று மணி நேரம் முன்பு, உடல் எடையில் கிலோவுக்கு 20 மில்லிகிராம் வீதம் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுக்கிறார்கள். கட்டியின் செல்கள் வளையத்தைச் செய்துவிடுகின்றன. இரும்பை அமர்த்தும் கடைசிப் படியில் தடுமாறுகின்றன. வெற்று வளையங்கள் தேங்குகின்றன. நுண்ணோக்கியின் நீல ஒளி பட்டதும் அவை செந்நிறமாய்ச் சுடர்கின்றன. அடங்காமல் பெருகிய செல்லைக் காட்டிக்கொடுப்பது அதன் குறையேதான்!

ஜெர்மானிய மருத்துவர் வால்ட்டர் ஸ்டும்மரின் குழு 2006-இல் வெளியிட்ட ஆய்வில், ஸ்கேனில் தெரிந்த கட்டி முழுவதும் நீங்கியவர்கள் இந்த முறையில் 65 சதவீதம். வழக்கமான வெள்ளொளியில் 36 சதவீதம்.

வீரியம் குறைந்த கட்டிகள் பெரும்பாலும் இப்படிச் சுடர்வதில்லை. அவற்றுக்கும் ஒளியே வழி தேடுகிறது. திருச்சிராப்பள்ளியில் பிறந்த சி.வி. ராமன், வத்திராயிருப்பில் பிறந்த கே.எஸ். கிருஷ்ணனோடு 1928-இல் கண்ட ஒளிச்சிதறலே அந்த வழி. பொருளின் மீது பட்டுச் சிதறும் ஒளித்துகள்களில் ஏறக்குறைய கோடிக்கு ஒன்றே மூலக்கூறின் அதிர்வை ஏந்தி நிறம் மாறித் திரும்பும். அந்த ஒன்றைப் பிடித்துப் படிக்கும் கையடக்கக் கருவியை, 2015-இல் மான்ட்ரியல் ஆய்வாளர்கள் மூளை அறுவையின்போதே பயன்படுத்தி, வீரியம் குறைந்த கட்டிகளின் செல்களையும் இனங்கண்டார்கள்.

ராமனின் கண்டுபிடிப்பை நினைந்து பிப்ரவரி 28-ஐத் தேசிய அறிவியல் நாளாகக் கொண்டாடும் நம் பள்ளிகள், கோடியில் ஒன்றான அந்த ஒளித்துகள் இன்று ஓர் உயிரின் ஓரத்தில் நின்று செய்யும் பணியையும் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்.