விலகும் உரிமை: கையெழுத்துக்கு முன்பே பேசுங்கள்

லண்டன் பேடிங்டனில் உள்ள ஓர் அலுவலகக் கட்டடத்தின் சில தளங்களை மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சர் நிறுவனம் குத்தகைக்கு எடுத்திருந்தது. குத்தகை 2018 வரை. ஆனால், முறைப்படி நோட்டீஸ் கொடுத்து 2012 ஜனவரி 24-ல் விலகிக்கொள்ள 'பிரேக்' ஷரத்து இருந்தது. வாடகை பாக்கி இருக்கக் கூடாது. கூடவே 9,19,800 பவுண்டும் கட்ட வேண்டும். இரண்டையும் நிறுவனம் சரியாகச் செய்தது.

இங்கிலாந்தில் கடை, அலுவலக வாடகையை மூன்று மாதத்துக்கு ஒருமுறை முன்கூட்டியே கட்டுவது வழக்கம். அதன்படி டிசம்பர் 25-ம் தேதியே மார்ச் 24 வரைக்குமான வாடகை முழுவதும் கட்டப்பட்டுவிட்டது. காலி செய்த பிறகு, இல்லாத இரண்டு மாதங்களுக்கான பணத்தை நிறுவனம் திருப்பிக் கேட்டது. கிடைக்கவில்லை. திருப்பித் தர வேண்டும் என்று ஒப்பந்தத்தில் இல்லாததை நாங்கள் சேர்த்துப் படிக்க முடியாது என 2015 டிசம்பரில் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் கைவிரித்துவிட்டது. தேர்ந்த வழக்கறிஞர்களை வைத்துக்கொள்ள வசதியுள்ள நிறுவனத்துக்கே இந்தக் கதி!

தப்பிக்க வழி இருந்தது. 'விலகிய நாளுக்குப் பிந்தைய வாடகையைத் திருப்பித் தர வேண்டும்' என்ற ஒற்றை வரி போதும். அல்லது விலகும் நாளையே அடுத்த தவணைக்கு முந்தைய நாளாக வைத்திருக்கலாம். இங்கிலாந்தில் தவணை நாள்கள் மார்ச் 25, ஜூன் 24, செப்டம்பர் 29, டிசம்பர் 25.

2011-ல் தீர்ப்பான அவோசெட் வழக்கு இன்னும் கொடுமை. முன்பு வாடகையைத் தாமதமாகக் கட்டியதற்கான வட்டி, சுமார் 130 பவுண்ட், நிலுவையில் இருந்தது. கட்டட உரிமையாளர் அதைக் கேட்கக்கூட இல்லை. ஆனாலும் 'எல்லாத் தொகையும் கட்டியிருக்க வேண்டும்' என்ற நிபந்தனை மீறப்பட்டதால் விலகல் செல்லாமல் போனது. வாடகைதாரர் பேரம் பேச வேண்டிய இடம் இதுதான் என்பேன். 'எல்லாத் தொகையும்' என்பதை அடித்துவிட்டு, 'அடிப்படை வாடகை மட்டும்' என்று எழுத வைக்க வேண்டும். 'குத்தகை நிபந்தனைகள் அனைத்தையும் நிறைவேற்றியிருந்தால்' என்ற வாசகத்தையும் ஏற்கக் கூடாது. சுவரில் பெயின்ட் உரிந்திருந்தாலே அது வினையாகலாம்.

இதெல்லாம் அதிகப்படியான கோரிக்கையும் அல்ல. அடிப்படை வாடகை பாக்கியில்லை, இடத்தைவிட்டு வெளியேறியாயிற்று, உள்வாடகைக்கு யாரும் இல்லை என்பவை போதும் என்று, சொத்து மதிப்பீட்டாளர்களின் தொழில்முறை அமைப்பான ஆர்.ஐ.சி.எஸ்.-ன் 2020-ம் ஆண்டு குத்தகை நெறிமுறையே சொல்கிறது.

லண்டனின் ஈஸ்ட் ஹாமிலும் வெம்பிளியிலும் கடை போடும் நம்மவர்களே, வாடகையைக் குறைப்பதோடு பேச்சை முடித்துவிடாதீர்கள். அந்த நெறிமுறையைக் காட்டி, இந்த வரிகளையும் எழுதி வாங்கிய பிறகே கையெழுத்துப் போடுங்கள்.