பெரியப்பாவின் பாயிண்ட் டூ டூ: துருவும் சட்டமும்

பழைய துப்பாக்கியைப் பிரிச்சு, துருவைத் தேய்ச்சு, பளபளன்னு ஆக்கிக் காட்டும் வீடியோக்கள் இப்போ நிறைய வருது. பெரும்பாலும் அமெரிக்காவில் எடுத்தவை. அங்கே அது விடுமுறை நாள் பொழுதுபோக்கு. அதையே விருத்தாசலத்தில் செய்ய நினைத்தால் எதெல்லாம் குறுக்கே வரும் என்பதைத்தான் இந்தக் குறிப்பில் எழுதுகிறேன்.

பெரியப்பாவிடம் ஒரு .22 ரைஃபிள் இருக்கு. பர்மிங்காமில் செய்த பிஎஸ்ஏ. மூன்று துப்பாக்கிகளை ஒன்றோடொன்று சாய்த்து நிறுத்திய முத்திரை அதில் உண்டு. லைசென்ஸ் அவர் பெயரில். 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்ததிலிருந்து அதற்கு வேலையே இல்லை. தேர்தல் வந்தால் ஒப்படைப்பது, முடிந்ததும் வாங்கி வருவது, அவ்வளவுதான் அதன் பயணம். குழல் முழுக்கச் செந்துரு. "சூளையோட பழகுறவன் நீ, இதைப் புதுசு மாதிரி ஆக்கிடுடா" என்றார்.

.22 தோட்டா ரிம்ஃபயர் வகை. பெரிய தோட்டாக்களில் அடிப்பக்கத்தின் நடுவில் தனியாக ஒரு குப்பி இருக்கும், அதில்தான் பற்றவைக்கும் மருந்து. ரிம்ஃபயரில் அந்த மருந்து விளிம்பு மடிப்புக்குள்ளேயே இருக்கும். ஊசி விளிம்பை நசுக்கினால் பற்றிக்கொள்ளும். 1857-ல் ஸ்மித் அண்ட் வெஸன் கொண்டுவந்த .22 ஷார்ட் தொடங்கி இதே ஏற்பாடுதான். விளிம்பு நசுங்கிவிடுவதால் காலித் தோட்டாவை மறுபடி நிரப்ப முடியாது. இன்னொன்று, தோட்டா இல்லாமல் விசையை இழுத்துப் பார்க்கும் பழக்கம் பல .22-களுக்கு ஆகாது. நசுக்க விளிம்பு இல்லாதபோது ஊசி குழலின் வாயிலேயே மோதிப் பள்ளம் போட்டுவிடலாம். அப்புறம் தோட்டா சிக்கும்.

குழலுக்குள் துரு ஏறிய கதை வேறு. பழைய தோட்டாக்களின் மருந்தில் பொட்டாசியம் குளோரேட் இருந்தது. வெடித்ததும் அது பொட்டாசியம் குளோரைடு ஆகிக் குழலுக்குள் படியும். உப்புக்கு அண்ணன் தம்பி என்று வையுங்கள். நம்மூர் ஐப்பசி, கார்த்திகை ஈரத்தை அது சும்மா விடுமா? எண்ணெயில் அந்த உப்பு கரையாது, தண்ணீரில்தான் கரையும். சுட்டுவிட்டு எண்ணெய் மட்டும் போட்டு மூடிவைத்த குழல்கள் பல இப்படித்தான் உள்ளே அரித்துப்போயின. 1920களின் கடைசியில் உப்பு விடாத மருந்து வந்தபிறகுதான் இந்தத் தொல்லை குறைந்தது.

வெளிப்பக்கத்து நீலக்கறுப்பு நிறம்தான் எனக்குப் பிடித்த பகுதி. அது பெயின்ட் இல்லை, அதுவும் துருதான்! பழைய முறையில் எஃகை வேண்டுமென்றே செந்துரு பிடிக்க விட்டு, கொதிக்கும் தண்ணீரில் போடுவார்கள். சிவப்பு இரும்பு ஆக்சைடு கறுப்பு மேக்னடைட்டாக மாறும். மேலே தளர்ந்து நிற்பதைத் தேய்த்து எடுத்துவிட்டு, மறுபடி துரு, மறுபடி கொதி. பல தடவை. சூளைக்காரர்களுக்கு இது புதிதல்ல. இரும்பு கலந்த களிமண் காற்றோட்டத்தில் வெந்தால் சிவப்பு, புகையில் மூச்சுமுட்ட வெந்தால் கறுப்பு. கீழடியில் கிடைத்த கறுப்பு-சிவப்புப் பானைகளில் கரியோடு சேர்ந்து வேலை செய்ததும் இதே இரும்புதான்.

அப்போ நானே செஞ்சுடலாமே? கூடாது. 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5-ம் பிரிவு, துப்பாக்கியைத் தயாரிப்பதற்கு மட்டுமல்ல, பழுதுபார்க்கவும் தனி லைசென்ஸ் கேட்கிறது. வைத்துக்கொள்ளும் லைசென்ஸ் அதற்குச் செல்லாது. 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தபட்சத் தண்டனையே 7 வருஷம். "பழசு, சுடாது, அதனால சட்டம் பொருந்தாது" என்று சொல்பவர்கள் 45-ம் பிரிவைப் பாதி படித்தவர்கள். பழுதுபார்த்தாலும் சுட முடியாத பழம்பொருளுக்குத்தான் அந்த விலக்கு. சரிசெய்தால் சுடும் என்றால் அது துப்பாக்கிதான்.

ஆகவே துடைக்கும் வேலை மட்டும் நடந்தது, அதையும் பெரியப்பாவே திண்ணையில் உட்கார்ந்து செய்தார். காலியாக இருக்கிறதா என்று இரண்டு தடவை பார்த்தார். நான் பக்கத்தில் நின்று சொல்லிக்கொண்டிருந்தேன். எண்ணெய் தடவி ஒரு ராத்திரி ஊற வைத்து, எண்ணெயில் நனைத்த மிக மெல்லிய ஸ்டீல் வுல்லால் மெதுவாகத் தேய்த்தால் செந்துரு வரும், அடியில் இருக்கும் கறுப்பு அப்படியே நிற்கும். உப்புத்தாள் பக்கமே போகக் கூடாது.

லைசென்ஸ் உள்ள துப்பாக்கிப் பட்டறையில் விசாரித்தோம். புது நிறம் ஏற்றலாம், ஆனால் அரிப்புக் குழிகள் மறையும்வரை மேற்பரப்பைத் தேய்த்தால் முத்திரையும் மங்கும் என்றார்கள். இழந்தது திரும்பாது என்பதால் நான் வேண்டாம் என்றேன். பெரியப்பாவுக்கு மனசு வரவில்லை. அவருக்கு அது புதுசாக இருந்த ஞாபகம் இருக்கு, எனக்கு இல்லை.

அவர் காலத்துக்குப் பிறகு அண்ணன் பெயரில் லைசென்ஸ் கிடைத்தால்தான் அது இந்த வீட்டில் தங்கும். இல்லையென்றால் போலீஸ் ஸ்டேஷனிலோ லைசென்ஸ் உள்ள டீலரிடமோ ஒப்படைக்கணும். அண்ணன் இன்னும் விண்ணப்பம் போடவில்லை.