கூட்டம் கூடினால் கருணை குறைகிறதா?

"காலம் கெட்டுவிட்டது. அவரவர் தம் வேலையைப் பார்த்துக்கொண்டு போகிறார்கள். யாருக்கு யார் உதவுகிறார்கள்?" இந்தப் பேச்சை நீங்கள் பலமுறை கேட்டிருப்பீர்கள். சாலையில் ஒருவர் அடிபட்டுக் கிடக்க, சுற்றி நின்றவர்கள் வேடிக்கை பார்த்தார்கள் என்று செய்தி வரும்போதெல்லாம், "மனிதன் தன்னலக்காரன்தான்" என்று நாமும் முடிவு கட்டிவிடுகிறோம்.

இந்த முடிவு சரியானதா? வாதம் செய்து இதைத் தீர்க்க முடியாது. ஆனால் சோதனை செய்து பார்க்கலாம். உளவியலார் ஏறத்தாழ அறுபது ஆண்டுகளாக அதைச் செய்து வருகிறார்கள். அந்த ஆராய்ச்சி தொடங்கிய வரலாறு விந்தையானது. அதைத் தூண்டிவிட்டது ஒரு செய்தித்தாள் கட்டுரை. அந்தக் கட்டுரையிலோ பெரும் பிழைகள் இருந்தன!

உலகை உலுக்கிய செய்தி

1964 மார்ச் 13. அமெரிக்காவில் நியூயார்க் நகரின் கியூ கார்டன்ஸ் என்ற பகுதி. பின்னிரவு மூன்று மணிக்கு மேல், கிட்டி ஜெனோவீஸ் என்ற 28 வயதுப் பெண் வேலை முடிந்து வீடு திரும்பிக்கொண்டிருந்தார். வீட்டை நெருங்கும் நேரத்தில், முன்பின் அறியாத ஒருவன் அவரைக் கத்தியால் குத்தினான். அவர் அலறினார். ஓடிப்போன அவன் சிறிது நேரத்தில் திரும்பி வந்து மீண்டும் தாக்கினான். மருத்துவமனைக்குச் செல்லும் வழியில் அந்தப் பெண்ணின் உயிர் பிரிந்தது.

இரண்டு வாரம் கழித்து, மார்ச் 27 அன்று, 'நியூயார்க் டைம்ஸ்' நாளிதழ் முதல் பக்கத்தில் ஒரு கட்டுரையை வெளியிட்டது. 38 பேர் தத்தம் வீட்டு ஜன்னல்களிலிருந்து அரை மணி நேரத்துக்கும் மேலாக இந்தக் கொலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்றும், தாக்குதல் நடந்தபோது ஒருவர்கூடப் போலீசுக்குத் தொலைபேசியில் சொல்லவில்லை என்றும் அது கூறியது.

படித்தவர்கள் பதைத்துப் போனார்கள். நகர வாழ்க்கை மனிதனைக் கல்நெஞ்சன் ஆக்கிவிட்டது என்று பலரும் எழுதினார்கள், பேசினார்கள். பிறகு பல பத்தாண்டுகள் உளவியல் பாடநூல்களில் இந்த நிகழ்ச்சி இடம்பெற்று வந்தது.

அடுத்த அறையில் ஒரு குரல்

நியூயார்க்கிலேயே இருந்த ஜான் டார்லி, பிப் லாட்டனே என்ற இரண்டு இளம் உளவியலார் வேறு விதமாகச் சிந்தித்தார்கள். "38 பேர் இருந்தும் உதவவில்லை" என்று எல்லாரும் வியக்கிறார்களே, 38 பேர் இருந்ததால்தான் உதவி வரவில்லையோ? இப்படி ஓர் ஐயம் அவர்களுக்கு எழுந்தது. அதைச் சோதிக்க ஒரு வழி கண்டார்கள். 1968-இல் அதன் முடிவுகளை வெளியிட்டார்கள்.

கல்லூரி மாணவர் ஒருவர் தனி அறையில் அமர்த்தப்படுவார். அவர் காதில் ஹெட்போன், முன்னால் மைக். "கல்லூரி வாழ்க்கையின் தொல்லைகளைப் பற்றிப் பேசுங்கள். கூச்சம் இல்லாமல் பேசுவதற்காக ஒவ்வொருவரையும் தனித்தனி அறையில் வைத்திருக்கிறோம்" என்று அவருக்குச் சொல்லப்படும். முதலில் ஒரு குரல் பேசும். தனக்குச் சில வேளைகளில் வலிப்பு வருவதுண்டு என்று அது தயக்கத்துடன் கூறும். மற்றவர்கள் பேசி முடித்து மறுபடியும் அதன் முறை வரும்போது, பேச்சு குழறத் தொடங்கும். உதவி கேட்டுத் தவிக்கும். மூச்சுத் திணறும். பிறகு அடங்கிவிடும்.

அது ஒலிப்பதிவு என்பது மாணவருக்குத் தெரியாது. அவர் எழுந்து போய்ச் செய்தி சொல்கிறாரா, எவ்வளவு நேரத்தில் சொல்கிறார் என்பதே சோதனை.

முடிவைப் பாருங்கள். தானும் நோயாளியும் மட்டுமே பேச்சில் இருப்பதாக நினைத்த மாணவர்களில் நூற்றுக்கு 85 பேர், அந்தக் குரல் அடங்குவதற்குள்ளேயே உதவி தேடி எழுந்தார்கள். இன்னும் ஒருவர் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று நினைத்தவர்களில் இந்த எண்ணிக்கை 62. தம்மைத் தவிர இன்னும் நான்கு பேர் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று நம்பியவர்களில் வெறும் 31!

எல்லாரும் ஒரே கல்லூரி மாணவர்கள். மாறியது எண்ணிக்கை ஒன்றுதான். எழுந்திருக்காதவர்கள் கல்நெஞ்சர்களும் அல்லர். சோதனை முடிந்து ஆய்வாளர் உள்ளே சென்றபோது, பலருடைய கைகள் நடுங்கின. உள்ளங்கை வியர்த்திருந்தது. "அவருக்கு ஒன்றும் இல்லையே?" என்று பதற்றத்துடன் கேட்டார்கள். உதவ வேண்டாம் என்று அவர்கள் முடிவு செய்யவில்லை. என்ன செய்வது என்ற முடிவுக்கே வர முடியாமல் தவித்துக்கொண்டிருந்தார்கள்.

தடுப்பது எது?

முதல் காரணம், பொறுப்பு பலர் மேல் பரவிவிடுவது. பல பேர் சேர்ந்து சமைக்கும் வீட்டில் குழம்பு உப்பில்லாமல் பந்திக்கு வந்துவிடுவது உண்டு. உப்பின் மேல் யாருக்கும் பகை கிடையாது. 'வேறொருவர் போட்டிருப்பார்' என்று ஒவ்வொருவரும் நினைத்ததே காரணம். தனியாக இருப்பவருக்கு, 'நான் போகாவிட்டால் யாரும் போகப் போவதில்லை' என்பது தெளிவாகத் தெரியும். கூட்டத்தில் இருப்பவருக்கு அது தெரிவதில்லை.

இரண்டாவது காரணம், நாம் பிறர் முகத்தைப் பார்த்து நிலைமையை எடைபோடுவது. இதற்கும் அதே ஆய்வாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். ஓர் அறையில் மாணவர்கள் படிவம் நிரப்பிக்கொண்டிருக்கும்போது, சுவரிலிருந்த காற்றுத்துளை வழியாக உள்ளே புகையைச் செலுத்தினார்கள். அறையில் தனியாக இருந்தவர்களில் நூற்றுக்கு 75 பேர் வெளியே சென்று செய்தி சொன்னார்கள். ஆய்வாளரின் ஆட்கள் இருவர் கூடவே அமர்ந்து, புகையைக் கண்டும் காணாததுபோல் எழுதிக்கொண்டிருந்தபோது பத்தில் ஒருவர் மட்டுமே சொன்னார். மற்றவர்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டு, இருமிக்கொண்டு, படிவத்தை நிரப்பினார்கள்! பிறகு கேட்டபோது, அது நீராவி என்று நினைத்ததாகச் சிலர் சொன்னார்கள்.

வேடிக்கை பார்க்கும் கூட்டத்திலும் இதுவே நிகழ்கிறது. ஒவ்வொருவரும் உள்ளே கலங்கிக்கொண்டு வெளியே அமைதியாக நிற்கிறார். அந்த அமைதியைப் பார்த்து மற்றவர், 'பெரிதாக ஒன்றும் இல்லை போலும்' என்று எண்ணிக்கொள்கிறார்.

மூன்றாவது காரணம் மிகவும் எளியது. அதுதான் அவசரம். 1973-இல் டார்லியும் டேனியல் பேட்ஸன் என்பவரும் பிரின்ஸ்டன் நகரிலிருந்த சமயக் கல்லூரி மாணவர்களைக் கொண்டு ஒரு சோதனை செய்தார்கள். ஒரு கட்டடத்திலிருந்து இன்னொரு கட்டடத்துக்குச் சென்று சிறு சொற்பொழிவு ஆற்ற வேண்டும். வழியில் ஒருவர் சுருண்டு கிடந்து இருமி முனகிக்கொண்டிருப்பார். அவசரம் இல்லாதவர்களில் நூற்றுக்கு 63 பேர் நின்று உதவினார்கள். "நேரமாகிவிட்டது, விரைந்து போங்கள்" என்று அனுப்பப்பட்டவர்களில் உதவியவர்கள் நூற்றுக்கு 10 பேர்தான். இதில் வேடிக்கை என்னவென்றால், மாணவர்களில் பாதிப் பேர் பேசச் சென்ற பொருளே, வழியில் அடிபட்டுக் கிடந்தவனுக்கு உதவிய நல்ல சமாரியனைப் பற்றிய விவிலியக் கதை! பேசப் போகும் பொருள் அவர்கள் நடத்தையில் குறிப்பிடத்தக்க மாற்றம் எதையும் உண்டாக்கவில்லை.

நல்ல எண்ணமும் நல்ல படிப்பும் மட்டும் போதா என்பதை இது காட்டுகிறது. நின்று பார்க்க இரண்டு நிமிடமும் வேண்டியிருக்கிறது.

செய்தியையே சோதித்தபோது

மனிதர்களை இவ்வளவு கவனமாகச் சோதித்த உளவியல் உலகம், அந்த 38 பேர் கதையை நெடுங்காலம் சோதிக்காமல் விட்டுவிட்டது. 2007-இல் ரேச்சல் மானிங், மார்க் லெவின், ஆலன் காலின்ஸ் ஆகிய மூன்று ஆய்வாளர்கள், நீதிமன்றப் பதிவுகள் முதலான சான்றுகளுடன் ஒப்பிட்டு அந்தக் கதையை ஆராய்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஜன்னலில் நின்று முழுக் கொலையையும் பார்த்தவர்கள் 38 பேர் என்பதற்குச் சான்றே இல்லை!

நடந்தது என்ன? முதல் தாக்குதல் தெருவில் நடந்தது. ஒருவர் ஜன்னலிலிருந்து அதட்டிக் கத்தவே, கொலைகாரன் ஓடிவிட்டான். அந்தப் பெண் எழுந்து நடந்து, கட்டடத்தின் பின்புறம் சென்றார். இரண்டாவது தாக்குதல் அங்கே மாடிப்படியின் அடியில், பெரும்பாலோர் பார்க்க முடியாத இடத்தில் நடந்தது. பலர் ஏதோ சத்தம் கேட்டார்கள், அவ்வளவுதான். போலீசுக்குத் தகவல் கொடுத்ததாகச் சொன்னவர்களும் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, அண்டை வீட்டுப் பெண் ஒருவர், கொலைகாரன் போய்விட்டானா என்றுகூடத் தெரியாத நிலையில் கீழே ஓடி, உயிர் பிரியும் நேரத்தில் இருந்த கிட்டியை அணைத்துக்கொண்டிருந்தார். அந்தப் பெண் 1964-ஆம் ஆண்டுக் கட்டுரையில் இடம் பெறவில்லை.

ஆபத்து என்று புரிந்தும் உடனே எதுவும் செய்யாதவர்கள் அங்கே இருக்கத்தான் செய்தார்கள். ஆனால் அவர்கள் மிகச் சிலரே. 2016-இல், கொலைகாரன் சிறையில் இறந்த செய்தியை வெளியிட்டபோது, தனது பழைய கட்டுரை பிழையானது என்று 'நியூயார்க் டைம்ஸ்' இதழே ஒப்புக்கொண்டது.

கதை தவறு என்றால் சோதனைகளும் தவறா? இங்கேதான் நாம் நிதானமாகச் சிந்திக்க வேண்டும். சோதனைகள் அந்தக் கதையை ஆதாரமாகக் கொண்டு நிற்கவில்லை. தனித்தே செய்து கண்டவை அவை. ஆனால் அவற்றிலிருந்து 'கூட்டத்தில் உதவி கிடைக்காது' என்று முடிவு செய்தால் அது பிழை. ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

ஐந்து பேர் கேட்டுக்கொண்டிருக்கும்போது ஒவ்வொருவரும் உதவும் வாய்ப்பு 0.31. உதவாமல் இருக்கும் வாய்ப்பு 0.69. ஒருவர் செயல் மற்றவரைப் பாதிக்காது என்று கொண்டால், ஐவருமே உதவாமல் இருக்கும் வாய்ப்பு 0.69-ஐ ஐந்து முறை பெருக்கி வருவது. அது ஏறத்தாழ 0.16. அப்படியானால், குறைந்தது ஒருவராவது உதவும் வாய்ப்பு 0.84! தனி ஒருவர் இருந்தபோது கிடைத்த 0.85-க்கும் இதற்கும் வேறுபாடு இல்லை என்றே சொல்லலாம். உதவுபவர் பக்கம் நின்று பார்த்தால் கருணை குறைவதுபோல் தோன்றுகிறது. துன்பப்படுபவர் பக்கம் நின்று பார்த்தால் அப்படித் தோன்றவில்லை.

கணக்கு இருக்கட்டும், தெருவில் என்ன நடக்கிறது? இங்கிலாந்தின் லங்காஸ்டர், நெதர்லாந்தின் ஆம்ஸ்டர்டாம், தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் ஆகிய மூன்று நகரங்களின் கண்காணிப்புக் கேமராப் படங்களில் பதிவான 219 தெருச் சண்டைகளை ஆய்வாளர்கள் பரிசீலித்து, 2019-இல் முடிவை வெளியிட்டார்கள். நூற்றுக்கு 91 சண்டைகளில், அருகிலிருந்தவர்களில் ஒருவராவது தலையிட்டு உதவ முயன்றார். கூட்டம் பெரிதாக இருந்தபோது, யாராவது ஒருவர் முன்வரும் வாய்ப்பும் கூடியது.

அறிந்தவர் என்ன செய்கிறார்?

1978-இல் அமெரிக்காவின் மொன்டானா பல்கலைக்கழகத்தில் நடந்த ஒரு சோதனை நமக்கு நேரடியாகப் பயன்படும். மாணவர் சிலருக்கு, நீங்கள் மேலே படித்தவை போன்ற ஆராய்ச்சி முடிவுகள் விளக்கப்பட்டன. வேறு சிலருக்கு விளக்கப்படவில்லை. இரண்டு வாரம் கழித்து, வேறு ஏதோ வேலையாகச் செல்வதுபோன்ற சூழலில், ஒருவர் சுவரோரம் சாய்ந்து கிடப்பதை அவர்கள் காணும்படி செய்யப்பட்டது. முன்பு எதுவும் கேளாதவர்களில் ஏறத்தாழ நூற்றுக்கு 25 பேர் நின்று விசாரித்தார்கள். ஆராய்ச்சியை அறிந்தவர்களில் ஏறத்தாழ 43 பேர்!

தன்னைத் தடுப்பது எது என்று அறிந்தவன், அதைத் தாண்ட முடிகிறது. எனவே, சில செய்திகளை மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள்.

ஒருவர் விழுந்து கிடக்கும் இடத்தில் கூட்டம் அமைதியாக நின்றால், அந்த அமைதியை விடையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். "என்ன ஆயிற்று?" என்று உரக்கக் கேளுங்கள். அந்தக் கேள்வியே மற்றவர்களின் தயக்கத்தை உடைக்கும்.

"யாராவது போன் செய்யுங்கள்" என்று பொதுவாகச் சொல்ல வேண்டாம். 'யாராவது' என்ற பெயரில் ஒருவரும் இல்லை. "நீலச் சட்டை போட்ட அண்ணே, நீங்கள் 108-க்குப் போன் செய்யுங்கள். அக்கா, நீங்கள் தண்ணீர் கொண்டு வாருங்கள்" என்று ஆளைக் காட்டிச் சொல்லுங்கள். பொறுப்பு பங்கு போகாமல் ஒருவரிடம் போய்ச் சேரும். நீங்களே உதவி தேவைப்படும் நிலையில் இருந்தாலும் இதையே செய்யுங்கள்.

நம் நாட்டில் இன்னோர் அச்சமும் உண்டு. 'உதவப் போனால் போலீஸ், கோர்ட் என்று அலைய வேண்டுமே!' இந்த அச்சத்தைப் போக்கச் சட்டமே இருக்கிறது. சாலை விபத்தில் சிக்கியவருக்கு உதவுபவரைக் காக்கும் நெறிமுறைகளுக்கு 2016-இல் உச்ச நீதிமன்றம் சட்ட வலிமை அளித்தது. 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 134-ஏ என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. நல்லெண்ணத்துடன் உதவியவர் மீது, அடிபட்டவருக்கு நேர்ந்த தீங்குக்காக வழக்குத் தொடர முடியாது என்று அது கூறுகிறது. இதை உங்கள் வீட்டிலும் சொல்லுங்கள்.

கடைசியாக ஒன்று. 'உலகமே தன்னலம் பிடித்தது' என்று ஒரு செய்தியைப் படிக்கும்போது, அதையும் சோதித்துப் பாருங்கள். பார்த்ததாகச் சொல்லப்படுபவர்கள் எங்கே நின்றார்கள்? அங்கிருந்து அவர்களுக்கு என்ன தெரிந்திருக்கும்? எண்ணிக்கையை எண்ணியவர் யார்? ஓடி வந்து தாங்கிப் பிடித்த ஒருவர் செய்தியில் விடுபட்டிருக்கிறாரா? யாரும் உதவ மாட்டார்கள் என்று நம்புகிறவன், தானும் கைகட்டி நிற்பதற்கு ஒரு சாக்கைத் தேடிக்கொள்கிறான். மற்றவர்களும் தன்னைப் போலவே உள்ளுக்குள் பதறிக்கொண்டுதான் நிற்கிறார்கள் என்று அறிந்தவனுக்கு, முதல் அடி எடுத்து வைப்பது எளிதாகிறது.

அடுத்த முறை வழியில் ஒரு கூட்டத்தைக் காணும்போது, அந்த முதல் அடியை நீங்கள் எடுத்து வையுங்கள்.