எச்சமா, புழுவா?

உங்கள் எலுமிச்சைக் கன்றின் இலையில் பறவை எச்சம் போல ஏதாவது ஒட்டியிருக்கிறதா? கொஞ்சம் கிட்டே போய்ப் பாருங்கள். அது புழுவாக இருக்கலாம்! எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் இளம் புழு, பறவைகளிடமிருந்து தப்பிக்க இப்படித்தான் வேஷம் போடுகிறது. வளர்ந்ததும் இலையைப் போலவே பச்சையாக மாறிவிடும். சீண்டினால், தலைக்குப் பின்னாலிருந்து கொம்பு போல ஒன்றை நீட்டும். ஒரு வாடையும் வரும். பயப்படாதீர்கள், கடிக்காது. பெரிய மரம் இந்தப் புழுக்களைத் தாங்கிக்கொள்ளும்; சின்னக் கன்றையோ இவை மொட்டையாக்கிவிடும். இதற்காக மருந்து தேடி ஓட வேண்டாம். தண்ணீர் ஊற்றும்போது கொழுந்து இலைகளைப் புரட்டிப் பார்த்து, புழுக்களைக் கையாலேயே எடுத்துவிடுங்கள். பக்கத்தில் கறிவேப்பிலைச் செடி இருந்தால், அதையும் ஒரு பார்வை பாருங்கள். அந்த இலையும் இதற்குப் பிடிக்கும்!