அடியிலிருந்து ஆற வேண்டிய புண்

பூனை கடித்த இடத்தில் ரத்தம் அதிகம் வராது. சிக்கலே அதுதான்.

ராத்திரி நேரத்தில் கூரை மேல் இரண்டு கடுவன் பூனைகள் சண்டை போடும் சத்தத்தைக் கேட்டிருப்பீர்கள். இழுத்து இழுத்துக் கத்தும், ஓடு சரியும் சத்தம் கேட்கும், பிறகு சட்டென்று அடங்கிவிடும். காலையில் நம் வீட்டுப் பூனை வந்து வழக்கம்போலச் சாப்பாட்டுத் தட்டின் பக்கத்தில் உட்காரும். காதில் ஒரு கீறல் தெரியும், அவ்வளவுதான். பெரிதாக ஒன்றும் இல்லை என்று நாமும் விட்டுவிடுவோம்.

உண்மையான காயம் தோலுக்கு அடியில் இருக்கும். பூனையின் கோரைப்பல் மெல்லியது, கூரானது, ஏறக்குறைய ஒரு கோணி ஊசி. சதையைக் கிழிக்காமல் துளைத்துக்கொண்டு நேரே உள்ளே இறங்கிவிடும். இறங்கும்போது வாயில் இருக்கும் கிருமிகளை ஆழத்தில் விட்டுவிட்டு வரும். மேலே துளை மிகவும் சிறியது என்பதால் ஓரிரு நாளில் தோல் மூடிக்கொள்கிறது. மூடியதை முடியும் மறைத்துவிடுகிறது. கிருமிகள் உள்ளே மாட்டிக்கொள்கின்றன.

அவற்றில் முக்கியமான ஒன்றின் பெயர் பாஸ்டுரெல்லா மல்டோசிடா. கோழிகளைக் கூட்டம் கூட்டமாகக் கொன்ற கோழிக் காலரா நோயை லூயி பாஸ்டர் ஆராய்ந்தாரே, அந்த நோய்க்கும் இதுவே காரணம். அவர் பெயரையே இதற்கு வைத்திருக்கிறார்கள். நலமாக இருக்கும் பூனைகள் பெரும்பாலானவற்றின் வாயிலும் இது எந்தத் தொல்லையும் தராமல் குடியிருக்கும். சதைக்குள் போனால்தான் தொல்லை. இதோடு, காற்று இல்லாத இடத்தில் மட்டுமே வளரும் வேறு சில பாக்டீரியாக்களும் சேர்ந்து போகும். மூடிய துளைக்குள் அவை செழித்து வளரும். சீழ்க்கட்டி உடையும்போது வரும் குடலைப் புரட்டும் நாற்றம் அவற்றின் வேலைதான்.

இப்போது உடம்பு என்ன செய்யும்? இதைத் தெரிந்துகொள்ள 1882ஆம் ஆண்டுக்குப் போக வேண்டும். இத்தாலியின் சிசிலித் தீவில் மெசினா என்ற ஊரில் இலியா மெச்னிகாஃப் என்ற ரஷ்ய விஞ்ஞானி தங்கியிருந்தார். ஒருநாள் வீட்டில் எல்லோரும் வித்தை காட்டும் குரங்குகளைப் பார்க்க சர்க்கஸுக்குப் போய்விட்டார்கள். அவர் மட்டும் மைக்ராஸ்கோப்போடு உட்கார்ந்திருந்தார். நட்சத்திர மீனின் இளம்புழுக்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவற்றின் உடம்பு கண்ணாடியாகத் தெரியும். உள்ளே செல்கள் நகர்வதை உயிரோடு இருக்கும்போதே பார்க்கலாம். அவருக்கு ஒரு யோசனை தோன்றியது. தோட்டத்திலிருந்து ரோஜா முள்ளைப் பறித்து வந்து ஒரு புழுவின் தோலுக்கு அடியில் செருகினார். அன்று ராத்திரி அவருக்குத் தூக்கமே வரவில்லை. விடிந்ததும் போய்ப் பார்த்தார். முள்ளைச் சுற்றிச் செல்கள் மொய்த்துக்கொண்டு நின்றன! உடம்புக்குள் நுழையும் அந்நியப் பொருளைத் தேடிப் போய்ச் சூழ்ந்து விழுங்கும் செல்கள் இருக்கின்றன என்று உலகத்துக்குச் சொன்னார். 1908இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. எனக்கு மிகவும் பிடித்த அறிவியல் சோதனை இது. முள் குத்தினால் உடம்புக்குள் என்ன நடக்கும் என்று கேட்க நமக்கும்தான் தோன்றியிருக்கும். அவர் அந்தக் கேள்வியை விடாமல் பிடித்து விடை கண்டார்.

பூனைக்குள்ளும் இதேதான் நடக்கிறது. நியூட்ரோஃபில் என்ற வெள்ளை அணுக்கள் ரத்தக் குழாயின் சுவரில் இருக்கும் செல்களுக்கு நடுவே நெளிந்து வெளியே வருகின்றன. கிருமிகளை விழுங்கி, வேதிப்பொருள்களால் கொல்கின்றன. இந்த வேலையில் தாங்களும் செத்துப்போகின்றன. செத்த வெள்ளை அணுக்கள், செத்ததும் சாகாததுமான கிருமிகள், கரைந்த சதை எல்லாம் கலந்த கலவைதான் சீழ். சில சமயம் அது லேசான பச்சையாக இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். வெள்ளை அணுக்கள் கிருமியைக் கொல்லப் பயன்படுத்தும் ஒரு நொதியின் நிறம் அது.

சண்டை நடக்கும் இடத்தைச் சுற்றி உடம்பு ஒரு சுவர் எழுப்பும். கிருமி வேறு இடங்களுக்குப் பரவாமல் இருக்க அது ஒரு நல்ல ஏற்பாடு. ஆனால் சுவருக்குள் ரத்தம் ஓடாது. மருந்து ரத்தத்தின் வழியாகத்தானே போக வேண்டும்? மாத்திரையும் ஊசியும் போட்டாலும் சீழின் நடுவே அவை போதிய அளவு போய்ச் சேர்வதில்லை. ஆகவே பழுத்த கட்டிக்கு மருந்து மட்டும் போதாது, சீழ் வெளியேற வேண்டும்.

எங்கள் வீட்டுக் கடுவன் கருப்பட்டிக்கு இதுதான் வந்தது. மீன் வாசனைக்கு முதலில் ஓடி வருகிறவன், கட்டிலுக்கு அடியிலிருந்து வரவே இல்லை. முன்னங்காலைத் தரையில் ஊன்றவில்லை. தோள்பட்டையில் கை வைத்தபோது உள்ளங்கையில் சூடு தெரிந்தது. முடிக்கு அடியில் கொழகொழவென்று ஒரு வீக்கம். எப்போதும் மடியில் உருளுகிறவன் என்னைப் பார்த்து உறுமினான். பூனைக்குச் சாதாரணமாகவே 100 முதல் 102 டிகிரி ஃபாரன்ஹீட் வரை உடம்புச் சூடு இருக்கும், நம்மைவிட அதிகம். 103ஐத் தாண்டினால் காய்ச்சல். இன்னொன்றும் சொல்ல வேண்டும்: பூனை வலியை எளிதில் வெளியே காட்டாது. கர்ர் கர்ர் என்று சத்தம் எழுப்பினால் சந்தோஷமாக இருக்கிறது என்று நினைக்கிறோம். வலியிலும் அது அப்படிச் சத்தமிடும். சாப்பிடாமல் ஒளிந்துகொள்வதுதான் நாம் கவனிக்க வேண்டிய அடையாளம்.

ஒரு கூடையில் வைத்து மூடி, மாட்டாஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனோம். பெயர்தான் அப்படி, பூனையையும் பார்ப்பார்கள். ஒரு ஊசி போட்டு அவனை மயங்க வைத்தார் டாக்டர். வீக்கத்தின் மேல் இருந்த முடியை வழித்ததும் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு சின்னப் பொருக்குகள் தெரிந்தன. இரண்டு கோரைப்பற்களுக்கு நடுவே இருக்கும் அதே இடைவெளி! வீக்கத்தின் கீழ் ஓரமாகப் பார்த்துக் கீறினார். மேலே கீறினால் சீழ் அடியில் தேங்கிவிடும், கீழே கீறினால் தானே வடியும். வெளியே வந்ததைப் பற்றி எழுதி உங்கள் சாப்பாட்டைக் கெடுக்கப் போவதில்லை. சலைன் தண்ணீரைச் சிரிஞ்சில் எடுத்து, வெளியே வரும் தண்ணீர் தெளிவாகும் வரை கழுவினார். மருந்து எழுதிக் கொடுத்துவிட்டு, முடிந்தது என்றார்.

கூட வந்திருந்த என் தங்கை மகளுக்கு ஆச்சரியம். “டாக்டர், தையல் போட மறந்துட்டீங்களே?” என்று கேட்டாள்.

“மறக்கலை பாப்பா. தைச்சா சீழ் மறுபடியும் உள்ளேயே மாட்டிக்கும். இது அடியிலேருந்து ஆறிக்கிட்டே மேலே வரணும். தோல் கடைசியாத்தான் மூடணும்” என்றார் அவர்.

வீட்டில் பார்த்துக்கொள்ளும் வேலை முழுவதும் அந்த ஒரு வாக்கியத்தில் அடங்கியிருக்கிறது. டாக்டர் தந்த திரவத்தால் காலையும் மாலையும் கழுவ வேண்டும். புண்ணின் வாயில் சீக்கிரம் பொருக்கு தட்டினால், ஈரத் துணியால் ஊறவைத்து மெல்ல எடுத்துவிட வேண்டும். பெரியவர்கள்தான் இதைச் செய்ய வேண்டும். பூனையைத் துண்டில் சுற்றித் தலை மட்டும் வெளியே தெரியும்படி பிடித்துக்கொள்வது நல்லது. மாத்திரை கொடுத்தால் பின்னாலேயே கொஞ்சம் தண்ணீர் கொடுக்க வேண்டும். சில மாத்திரைகள் பூனையின் தொண்டைக்குக் கீழே உணவுக்குழாயில் ஒட்டிக்கொண்டு அங்கேயே புண்ணாக்கிவிடும்.

“பூனை நக்கினால் புண் ஆறிவிடுமே” என்று பாட்டி சொல்வார்கள். எச்சிலில் கிருமியைக் கொல்லும் லைசோசைம் என்ற பொருள் இருப்பது உண்மைதான். ஆனால் பூனையின் நாக்கில் பின்பக்கம் வளைந்த முட்கள் நிறைந்திருக்கின்றன. அந்த முட்களின் நுனி குழிந்திருப்பதாகவும், அதில் எச்சிலை அள்ளிக்கொண்டுபோய் முடியின் வேர் வரை பூனை தடவுவதாகவும் அமெரிக்காவின் ஜார்ஜியா டெக் ஆய்வாளர்கள் 2018இல் கண்டுபிடித்தார்கள். முடியைச் சீவ அருமையான கருவி. புண்ணில் பட்டாலோ, புதிதாக வளரும் சதையை அரம்போல ராவி எடுத்துவிடும். ஆகவேதான் பூனை புண்ணை நக்காமல் இருக்கக் கழுத்தைச் சுற்றி ஒரு கூம்புப் பட்டை போடுகிறார்கள். கருப்பட்டி அதைப் போட்டுக்கொண்டு சுவரெல்லாம் முட்டினான். பாவமாக இருந்தது, ஆனாலும் கழற்றவில்லை.

ஈயையும் மறக்கக் கூடாது. திறந்த புண்ணில் பச்சை ஈ முட்டையிட்டால் ஒரே நாளில் புழு வைத்துவிடும். புண் ஆறும் வரை பூனை வீட்டுக்குள்ளேயே இருக்கட்டும்.

சாப்பாடு இன்னும் முக்கியம். பூனை இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்தால் உடம்பிலிருக்கும் கொழுப்பு கரைந்து கல்லீரலில் போய் நிறைந்து, கல்லீரலையே கெடுத்துவிடும். மூக்குக்குப் பிடித்தால்தான் பூனை சாப்பிடும். உப்பும் மசாலாவும் போடாமல் அவித்த மத்தி மீனை வெதுவெதுப்பாகக் கொடுத்துப் பாருங்கள். சூட்டில் வாசனை எழும்பும். மீன் குழம்பு வேண்டாம். வெங்காயமும் பூண்டும் பூனையின் ரத்த சிவப்பணுக்களை உடைத்துவிடும்.

அடுத்ததை ஒன்றுக்கு இரண்டு முறை படியுங்கள். காய்ச்சலாக இருக்கிறதே என்று பூனைக்குப் பாராசிட்டமால் கொடுக்கவே கூடாது. ஒரே ஒரு மாத்திரை பூனையைக் கொன்றுவிடும். நம் கல்லீரல் அந்த மருந்தோடு வேறொரு பொருளை ஒட்டவைத்துப் பத்திரமாக வெளியே அனுப்புகிறது. அப்படி ஒட்டவைக்கும் நொதி பூனைக்குச் சரியாக இல்லை. மருந்து நஞ்சாக மாறி, ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் போய், ஈறு பழுப்பாகிவிடும். டெட்டால் போன்றவற்றிலும் இதே ஆபத்து உண்டு. பூனை அதை நக்கி உள்ளே கொண்டுபோகும். மஞ்சள்தூளைப் புண்ணுக்குள் அடைக்கும் பழக்கமும் வேண்டாம். மஞ்சளுக்குக் கிருமியை எதிர்க்கும் குணம் கொஞ்சம் இருக்கலாம். ஆனால் ஆழமான துளையில் அடைத்தால் அது கட்டியாகி வாயை மூடிவிடும். எதைத் திறக்க டாக்டர் கத்தி எடுத்தாரோ, அதையே நாம் அடைத்ததாக ஆகும்.

சில நாளில் நல்ல காட்சி ஒன்று தெரியும். குழியின் அடியில் ஈரமான இளஞ்சிவப்புச் சதை, பொடிப் பொடி மணிகளாக எழும்பும். ஒவ்வொரு மணியிலும் புதிதாக முளைத்த ரத்தக் குழாய்கள் இருக்கின்றன. லேசாகத் தொட்டால்கூட ரத்தம் கசிவதற்கு அதுதான் காரணம், பயப்பட வேண்டாம். அந்தச் சதை மேலே ஏற ஏற, புண்ணின் ஓரங்கள் உள்பக்கம் இழுபடும். கடைசியில் தோல் செல்கள் ஓரத்திலிருந்து நகர்ந்து வந்து மூடும். கருப்பட்டியின் தோளில் இதைத் தினமும் பார்த்த என் தங்கை மகள், தேதி போட்டு நோட்டில் படம் வரைந்து வைத்திருக்கிறாள்.

பூனை துள்ள ஆரம்பித்துவிட்டால் மாத்திரையை நிறுத்திவிடத் தோன்றும். நிறுத்தக் கூடாது. ஏன் என்று ஒரு பழைய சம்பவம் சொல்லும். 1941இல் இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டில் ஆல்பர்ட் அலெக்சாண்டர் என்ற போலீஸ்காரர் முகமெல்லாம் சீழ்ப்புண்ணோடு கிடந்தார். பெனிசிலின் மருந்து சிகிச்சைக்காக முதன்முதலில் கொடுக்கப்பட்டவர்களில் அவரும் ஒருவர். ஒரே நாளில் தேறத் தொடங்கினார், சாப்பிட்டார். ஆனால் அன்று உலகத்தில் இருந்த பெனிசிலினே சொற்பம். அவருடைய சிறுநீரிலிருந்து கூட மருந்தைப் பிரித்தெடுத்துத் திரும்பக் கொடுத்தார்கள். அதுவும் தீர்ந்தது. மிச்சமிருந்த கிருமிகள் பெருகின, அவர் இறந்துபோனார். இன்று மருந்து கையில் இருக்கிறது. டாக்டர் சொன்ன நாள் வரை கொடுங்கள்.

இனி உங்களுக்கு. வலியில் இருக்கும் பூனை, எவ்வளவு செல்லமாக வளர்ந்திருந்தாலும் கடிக்கும். கடித்தாலோ பிராண்டினாலோ உடனே குழாயைத் திறந்துவிட்டு, ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். திட்டுவார்களே என்று மறைக்காமல் அம்மா அப்பாவிடம் அப்போதே சொல்லுங்கள். பூனைக் கடியாலும் ரேபிஸ் வரும். தடுப்பூசி அரசு மருத்துவமனையில் இலவசமாகவே போடுகிறார்கள்.