ஸ்டியரிங்கில் குறையா? காசில்லாமல் சரி செய்யலாம்!

விழுப்புரத்தை அடுத்த திருவாமாத்தூர் சிவன் கோவிலில் வட்டப்பாறை இருக்கிறது. அதன் முன் பொய்ச் சத்தியம் செய்தால் தண்டனை தப்பாது என்பது ஊரார் நம்பிக்கை.

குற்றத்தை மறைக்கக் கூடாது. கார் கம்பெனிக்கும் அதே நீதிதான்!

விற்ற காரில் தயாரிப்புக் குறை தெரிந்தால், கம்பெனி அதைத் திரும்ப அழைத்து, இலவசமாகச் சரி செய்ய வேண்டும். அப்படி உத்தரவிட மத்திய அரசுக்கு அதிகாரம் தந்தது, 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம்.

87,599 வண்டிகள்

2023 ஜூலையில் மாருதி சுசுகி கம்பெனி, எஸ்-பிரெஸ்ஸோ, ஈகோ வண்டிகள் 87,599-ஐத் திரும்ப அழைத்தது. 'டை ராடு' என்ற தண்டில் குறை இருக்கலாம் என்ற சந்தேகமே காரணம். ஸ்டியரிங்கைத் திருப்பும்போது முன் சக்கரத்தைத் திருப்புவது இந்தத் தண்டுதான். அது ஒடிந்தால் வண்டி சொன்னபடி கேட்காது!

2024 ஆகஸ்டில் 2,555 ஆல்ட்டோ கே-10 கார்களை அழைத்தார்கள். ஸ்டியரிங் கியர் பாக்சை மாற்றும் வரை காரை ஓட்டவே வேண்டாம் என்று கம்பெனியே எச்சரித்தது.

என்ன செய்வது?

கம்பெனியின் கடிதம் வந்தால் தூக்கிப் போடாதீர்கள். உடனே சர்வீஸ் நிலையத்துக்குப் போங்கள்.

பழைய கார் வாங்கியவரா? கடிதம் முந்தைய சொந்தக்காரர் வீட்டுக்குப் போயிருக்கலாம். ஆர்.சி.யில் சேசிஸ் நம்பர் இருக்கிறது. அதைக் காட்டி, உங்கள் வண்டியும் அழைக்கப்பட்டிருக்கிறதா என்று கேளுங்கள். புதிய முகவரியையும் பதிந்து வையுங்கள்.

திண்டிவனத்துக்குக் குடும்பத்தோடு புறப்படும் முன் இதைச் செய்யுங்கள். ஒரு நாள் வேலை கெட்டால் ஈடு கட்டலாம். உயிருக்கு ஈடு உண்டா?